போவதற்கு முன் எழுதிய குறிப்புகள்

ஜப்பானில் ஒருவர் பிரதமராகப் பதவியேற்கும் அன்றே அவர் பதவி விலகிவிட்டார் என்ற குறிப்பை நான் எழுதத் தொடங்கிவிட வேண்டும். ரொறன்ரோ நகரின் நடுவில், ஒரு பழைய கட்டடத்தின் பதினோராவது மாடியில் இருந்த சிறிய அலுவலகத்தில் எனக்கு அதுதான் வேலை. அங்கே நாங்கள் இரண்டே பேர். நானும் மேலாளரும்.

மேலாளர் இளமையில் பல வருடங்கள் தோக்கியோவில் வங்கி வேலை பார்த்த கனேடியர். ஜப்பானியப் பத்திரிகைகளை அந்த மொழியிலேயே வாசிப்பார். ஜப்பான் அரசின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு வாரம் ஒரு மடல் எழுதி அனுப்புவதுதான் எங்கள் தொழில். அங்கே யார் ஆள்கிறார், யார் விழப் போகிறார், அரசு எவ்வளவு கடன் வாங்குகிறது, புதிதாக என்ன வரி போடுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். தோக்கியோவில் விடியும் போது இங்கே முதல் நாள் மாலை. அங்கே ஒருவர் விழுந்த செய்தி வந்தால் மற்றவர்கள் விழிப்பதற்குள் எங்கள் குறிப்பு சந்தாதாரரின் ஃபக்ஸ் இயந்திரத்தில் கிடக்க வேண்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுவோம். மேலாளர் அதைத் தயார்க் குறிப்பு என்பார். தேதிக்கு மட்டும் இடம் வெறுமையாக விட்டிருப்போம்.

குறிப்பில் நான்கு பத்திகள். முதலாவதில் அவர் போய்விட்டார் என்பது. இரண்டாவதில் அவர் செய்தவை. மூன்றாவதில் அடுத்து வரக்கூடியவர்கள். நான்காவது கடன் பத்தி. அது யாருக்கு எழுதினாலும் ஒன்றுதான், ஒரு சொல்லும் மாறாது. அதனால் அதை மின்தட்டச்சு இயந்திரத்தின் நினைவில் பதித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது பத்தி முடிந்ததும் வலது ஓரத்தில் உள்ள ஒரு விசையை அழுத்த வேண்டும். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கலாம். இயந்திரம் தானாகவே அடிக்கும்.

முதல் நாள் அதைப் பார்த்தபோது என் கழுத்து மயிர் சிலிர்த்தது. எழுத்துச் சக்கரம் சுழல்கிறது, விசைகள் அசையவில்லை, தாளில் சொற்கள் வந்து விழுகின்றன. அவை ஆங்கிலச் சொற்கள். பொருள் இதுதான்: "இவர் விலகிச் சென்றாலும் இவர் காலத்துக் கடன் விலகிச் செல்வதில்லை. அது குறையாமல் அடுத்து வருபவரிடம் சேரும்."

"பயப்படாதே. அதற்கு ஆளைத் தெரியாது. எல்லோருக்கும் அதையேதான் சொல்லும்" என்றார் மேலாளர்.

நான் பயப்படவில்லை என்று சொன்னேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பயப்படுகிறேன் என்று எவரிடமும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்புப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா நெல் ஆலையில் மூட்டை நிறுப்பவர், தன் பெயரை மட்டும் மெதுவாக எழுதுவார். அம்மாவுக்குக் கைநாட்டு. அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று அப்பாவோடு ஆலைக்குப் போய்விட்டான். நான் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தேன். ரொறன்ரோ வந்து பகலில் வேலை செய்துகொண்டு பின்னேரங்களில் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தேன். நகரின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில் நாங்கள் இருந்த கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏதாவது படிவம் வந்தால் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். "தங்கச்சி, உந்த ஃபோமை ஒருக்காப் பாருமன்" என்று ஒரு குரல் கேட்கும். நான் பேனையை எடுப்பேன். ஒரு கோடு வெட்டாமல், ஒரு பெட்டி விடாமல் நிரப்பிக் கொடுப்பேன். பெருமைதான். அதை மறைக்க நான் முயன்றதில்லை.

என் நாக்கின் இடது ஓரத்தில் கடுகளவு கறுப்பு மச்சம் ஒன்று உண்டு. அப்படி மச்சம் உள்ளவர்களைக் கரிநாக்கு என்பார்கள். அவர்கள் கெட்டது சொன்னால் அது நடந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. சின்ன வயதில் பக்கத்து வளவுத் தென்னையைக் காட்டி, இது அடுத்த மழைக்கு விழும் என்றேன். விழுந்தது. அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதன்பின் நான் யாருடைய நோயைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் வாய் திறக்க அம்மா விடுவதில்லை. அடியில் வேர் வெளியே தெரியச் சாய்ந்து நின்ற மரம் விழாமல் என்ன செய்யும் என்று பிறகு தாவரவியல் படித்தபோது சொல்லிப் பார்த்தேன். அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

அந்த அலுவலகத்தில் நான் எழுதியவை எண்பத்தொன்பதாம் ஆண்டில் ஒவ்வொன்றாக நடந்தன.

முதலில் சக்கரவர்த்தி. அவர் ஆள்பவர் அல்ல என்றாலும் அவருக்கும் ஒரு குறிப்பு வேண்டும் என்றார் மேலாளர். மாதக்கணக்காக நோயில் கிடந்தவர். ஜனவரியில் இறந்தார். குறிப்பை எடுத்தோம், தேதியைப் போட்டோம், அனுப்பினோம். அடுத்தது பிரதமர். பங்குகளைக் கைமாற்றிய ஊழல் ஒன்றில் அவருடைய கட்சியின் பெரிய தலைகள் எல்லாம் அகப்பட்டிருந்தன. போதாததற்குக் கடனைச் சமாளிக்கவென்று எல்லாப் பொருளுக்கும் ஒரு விற்பனை வரியை ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். சனங்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அவருடைய குறிப்பின் கடைசி வரியை நான் திருத்தி முடித்த மறுநாளே அவர் விலகப் போவதாக அறிவித்தார். ஜூனில் புதியவர் வந்தார். அன்றைக்கே அவர் போவதை எழுதத் தொடங்கினேன்.

"இவருக்கு ஆறுதலாக எழுது. நேரம் இருக்கிறது" என்றார் மேலாளர்.

நேரம் இருக்கவில்லை. நான் எழுதி முடித்த வாரமே மேல்சபைத் தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. அவரும் போகிறேன் என்றார். அவர் வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இதில் விசித்திரம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். விழப் போகிறவர்களைப் பற்றித்தான் அவசரமாக எழுதினோம். ஆனாலும் தொலைபேசியில் செய்தி வந்ததும் அலுமாரியைத் திறந்து, அந்த ஆள் இன்னும் நாற்காலியில் இருந்தபோதே அவர் போய்விட்டதாகச் சொன்ன தாளை வெளியே எடுக்கும்போது, அது எனக்கு முன்னமே தெரிந்திருந்தது போல விரல்கள் குளிரும். அந்தக் குளிர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிடித்திருந்தபடியால்தான் வீட்டில் போய்ப் பெருமையடித்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு இருந்தபோது, மூன்று பேருக்கும் நான் எழுதி வைத்த குறிப்புகளின் கதையைச் சொன்னேன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணன் சிரித்தான்.

"என்னடி, பேனையா ஏவுகணையா? எங்கட ஃபோர்மன்ட பேரையும் ஒருக்கா எழுது பாப்பம். திங்கக்கிழமைக்குள்ள ஆள் போயிடட்டும்."

"அவருக்கு நாலு பத்தி காணாது" என்றேன்.

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

"அந்த ஆக்கள் எல்லாம் செத்துப் போனாங்களா புள்ள?"

"முதல் ஆள் மட்டும்தான் அம்மா. மத்த ரெண்டு பேரும் வேலைய விட்டவங்க."

"நீ எழுதின பிறகா?"

"நான் எழுதினதால இல்ல."

"நான் அதக் கேக்கல்ல. எழுதின பிறகா எண்டுதான் கேட்டன்."

ஓம் என்றேன். அம்மா எனக்கு மீன் துண்டு ஒன்றை வைத்தார். வைக்கும்போது என் வாயைப் பார்த்தார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எண்பத்தைந்தில் ஒரு காலை அவர் சைக்கிளில் டவுனுக்குப் போனார். போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமல் ம் என்றேன். அவர் திரும்பவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. கண்டேன் என்று சொன்னவர்கள் சொன்ன இடமெல்லாம் அண்ணன் தேடினான். ஒருவர் சொன்ன இடம் மற்றவர் சொன்னதற்கு எதிர்த் திசையில் இருந்தது. அடுத்த வருடம் நானும் அண்ணனும் கனடா வந்தோம். இரண்டு வருடம் கழித்து அம்மா தனியே வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தார். அம்மா நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். கழுத்தில் தாலி இருந்தது. அப்பா என்ற பேச்சு வந்தால் அவர் இருக்கிறார் என்றோ இல்லை என்றோ எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லாமல் பேச நாங்கள் மூவரும் நன்றாகப் பழகியிருந்தோம்.

அந்த ஞாயிறு கழிந்து சில நாட்களில், அம்மாவின் அலுவலைப் பார்த்த லோயரின் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். அம்மாவின் கோரிக்கை முடிவாகாத கோரிக்கைகளின் பெரிய குவியலுக்குள் கிடந்தது. எங்கள் இருவருக்கும் இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டதால், அம்மாவை எங்களோடு சேர்த்து வேறு வழியில் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வழி திறந்திருந்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். அங்கே வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். கழுத்தில் சிறிய சிலுவை அணிந்திருந்தார்.

"தங்கச்சி, எல்லாம் வடிவா நிரப்பியிருக்கிறீர். ஒரு பெட்டிதான் மிச்சம். அப்பா இருக்கிறாரோ இல்லையோ?"

"காணாமல் போனவர்."

"உதுக்கு உவங்கட ஃபோமில இடமில்லை. இருக்கிறார் எண்டால் அவருக்கும் மெடிக்கல் எடுக்கவேணும், அவற்றை கையெழுத்தும் வேணும். இல்லை எண்டால், இறந்திட்டார் எண்டு அம்மா ஒரு சத்தியக் கடதாசி குடுத்தால் காணும். அலுவல் சுறுக்கா முடியும்."

"குடுக்காட்டி?"

"அம்மாவின்ர ஃபைல் திரும்பவும் குவியலுக்கை போகும். பிறகு விசாரணைக்குக் கூப்பிடுவினம். இருக்க விடுவினமோ, திருப்பி அனுப்புவினமோ, அதை நான் சொல்லேலாது."

ஆக விடயம் இவ்வளவுதான். அப்பா இறந்துவிட்டார் என்று எழுதினால் அம்மா எங்களோடு இருப்பார்.

அண்ணன் உடனே எழுதச் சொன்னான். "நாலு வருஷம். இதுக்கு மேல என்னத்தக் கண்டம்? ஒரு கடதாசிதானே. எழுதினாப்போல மனிசன் சாகப் போறாரா? இருந்தா ஒரு நாளைக்கு வந்து கதவத் தட்டுவார். எழுது."

அம்மா குசினி வாசலில் நின்றார். "எழுதட்டும். ஆரெண்டாலும் எழுதட்டும். இவள் கையால வேணாம்."

"ஏன் அம்மா? இவள்தானே எங்கட வீட்டில படிச்சவள்."

"அதுக்குத்தான் மனே சொல்றன்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அந்த வீட்டின் ஒவ்வொரு கடிதமும் என் கையெழுத்து. மின்சார பில்லுக்கான காசோலை முதல் அம்மாவின் மருத்துவப் படிவம் வரைக்கும். இந்த ஒன்றை மட்டும் முன்பின் தெரியாத ஒருவர் எழுதலாம், நான் எழுதக் கூடாது. என் படிப்பைக் கண்டு என் தாயே பயப்படுகிறார். மட்டக்களப்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, பதினோராவது மாடியில் இருந்து, ஒரு நாட்டின் கடனைப் பற்றிப் பத்தி எழுதுகிற என்னைப் பார்த்து.

அன்று பேனையை எடுக்கவில்லை. ஆனால் நானே எழுதுவேன், ஒன்றும் நடக்காது, நடக்கவில்லை என்று அம்மாவுக்குக் காட்டுவேன் என்று மனதில் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேலாளர் வெளியே போயிருந்தார். யன்னல் வழியே ஓகஸ்ட் வெயில் மேசை முழுக்கக் கிடந்தது. கீழே ஸ்ட்ரீட்காரின் மணிச் சத்தம். பயப்பட எதுவும் இல்லாத நேரம். தாளைச் செருகிச் சத்தியக் கடதாசியை ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்கினேன். அப்பாவின் பெயர், பிறந்த ஊர், தொழில். எனக்குத் தெரியாமலே கை பழக்கத்தில் போனது. மேலே தேதிக்கு இடம் வெறுமையாக விட்டிருந்தேன். முதற்பத்தியில் அவர் போய்விட்டார் என்பது. இரண்டாவதில் அவர் செய்தவை: ஆலையில் இருபது வருடம், இரண்டு பிள்ளைகள். மூன்றாவதில் மிஞ்சியிருப்பவர்கள், அதாவது நாங்கள்.

மூன்றாவது பத்தியில் முற்றுப்புள்ளி வைத்தேன். என் வலது கை, வழக்கம் போல, ஓரத்து விசையை அழுத்தியது.

சக்கரம் சுழன்றது. நான் கையை இழுத்துக்கொண்டேன். அது நிற்கவில்லை. அப்பாவின் பெயருக்குக் கீழே, யாரும் தொடாமல், ஒவ்வொரு எழுத்தாக வந்தது. இவர் விலகிச் சென்றாலும். நிறுத்தும் விசை எது என்று ஒவ்வொரு நாளும் பாவிக்கிற எனக்கு நினைவு வரவில்லை. இவர் காலத்துக் கடன். எழுந்து நின்றேன். விலகிச் செல்வதில்லை. அது அப்பாவைத் தெரிந்த ஒருவர் நிதானமாகச் சொல்வது போல இருந்தது. அது குறையாமல். மேசைக்கு அடியில் குனிந்து வயரைப் பிடுங்கினேன். அடுத்து வருபவரிடம் என்ற இடத்தில் நின்றது.

நான் மேசைக்குக் கீழேயே இருந்தேன். எழும்பி அந்தத் தாளைப் பார்க்க மனம் வரவில்லை. அப்போது கதவு திறந்து மேலாளர் வந்தார். கண்ணாடி அணிந்திருக்கவில்லை. கையில் சாண்ட்விச் பொதி. இயந்திரத்தில் நின்ற தாளைப் பார்த்தார். எழுத்து அவருக்குத் தெரிந்திருக்காது, பத்திகளின் வடிவம்தான் தெரிந்திருக்கும்.

"புதியவருக்கா? இன்றைக்குத்தானே வந்தார், அதற்குள் முடித்துவிட்டாயா? நன்றாக இருக்கிறது" என்றார். "இனி தேதி மட்டும்தான் போட வேண்டும்."

அன்றுதான் தோக்கியோவில் அந்த ஆண்டின் மூன்றாவது பிரதமர் பதவியேற்றிருந்தார். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"இது அலுவலக வேலை இல்லை" என்றேன், மேசைக்குக் கீழிருந்து எழும்பியபடி.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிக்க வேண்டும்" என்று தன் அறைக்குப் போனார்.

தாளைக் கிழித்திருக்கலாம். கிழிப்பது இன்னும் மோசமான ஒன்று என்று தோன்றியது. நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். மல்வேர்னுக்குச் சுரங்க ரயிலும் பஸ்ஸுமாக ஒன்றேகால் மணி நேரம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் பையை வைத்திருந்தேன். ஒரு பெண்மணி வந்து, "இங்கே ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் போய் நின்றார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டு நாள் அந்தத் தாள் என் பையிலேயே இருந்தது. அந்த இரண்டு நாளும் தொலைபேசி அடித்தால் நான் எடுக்கவில்லை. ஊரில் இருந்து யாரோ எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் அடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது. நான் நம்பவில்லை. நம்பாமலே பயந்தேன். படித்தவளுக்கு அது இன்னும் அவமானம்.

சனிக்கிழமை காலை, படிவத்தோடு வைப்பதற்கு அப்பா அம்மாவின் கல்யாணப் பதிவுத் தாள் தேவைப்பட்டது. அம்மாவின் சூட்கேஸில் இருக்கும் என்றான் அண்ணன். அவன் வேலைக்குப் போய்விட்டான். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழிருந்து சூட்கேஸை இழுத்துத் திறந்தேன். இரண்டு பழைய சேலைகள், என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒரு பிளாஸ்டிக் பையில் பதிவுத் தாள். எல்லாவற்றுக்கும் அடியில் பூச்சி உருண்டை மணத்தோடு ஒரு வெள்ளைச் சேலை. மடிப்புக் கலையாத புதுச் சேலை. மட்டக்களப்புக் கடை ஒன்றின் விலைத்துண்டு இன்னும் ஊசியில் குத்தியபடி இருந்தது.

அம்மா ஈரத் தலையோடு வாசலில் நின்றார்.

"இது ஆருக்கு அம்மா?"

"எனக்குத்தான்."

"எப்ப வாங்கினது?"

"உங்கட அப்பா போய் ஒரு மாசத்தால."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன கா கதைக்கிறாய்? தெரிஞ்சா உடுத்திருப்பனே. ஒண்டும் தெரியாது. சந்தைக்குப் போனன், கடையில தொங்கிச்சு, வாங்கிட்டன். ஆயத்தமா இருக்கிற ஆளுக்கு அது வராது எண்டு மனசு சொல்லிச்சு. நாலு வருஷமா வரல்லத்தானே."

"இத ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க என்னப் பாத்து அழுவீங்க. எனக்குச் சமைக்கிற வேலை கிடக்கு."

அந்தச் சேலை கடல் தாண்டி, மூன்று விமான நிலையங்கள் தாண்டி அம்மாவோடு வந்திருக்கிறது. பொட்டும் தாலியுமாக அவர் தூங்கும் கட்டிலுக்கு நேர் கீழே ஒரு வருடமாகக் கிடக்கிறது. அந்த அறையில்தான் நானும் தூங்குகிறேன்.

நான் பையை எடுத்து வந்து தாளை விரித்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் இருந்து தலையைத் துவட்டியபடி, "வாசி" என்றார்.

தமிழில் சொல்லிக்கொண்டு வாசித்தேன். அப்பாவின் பெயர், ஆலை, இரண்டு பிள்ளைகள். நாலாவது பத்தியையும், அது நின்ற இடம் வரைக்கும், வாசித்தேன்.

அம்மாவின் கை நின்றது. "கடனா? அவர் ஆருக்கும் கடன் வைக்கல்லையே. கடையில எடுத்த சீனிக் காசக்கூட போறதுக்கு முதல் நாளே குடுத்திட்டார். ஆரு உனக்குச் சொன்னது?"

"அது அப்பாட இல்ல அம்மா. அது ஜப்பான்ட."

"அப்ப ஏன் அவர்ட கடதாசியில வந்து நிக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. தாளை வாங்கி, எழுத்துப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, மேலே விரலை வைத்தார்.

"இந்த இடம் ஏன் வெறுமையா இருக்கு?"

"அது தேதி போடுற இடம்."

"நீ போடல்லையா?"

"இல்ல."

"அப்ப இது நடக்கல்ல."

தாளை நான் மடித்திருந்தபடியே திரும்ப மடித்தார். வெள்ளைச் சேலையின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் வைத்தார். மற்றச் சேலைகளை மேலே அடுக்கி, சூட்கேஸை மூடிக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"அது அங்க கிடக்கட்டும். இப்ப மத்தத எழுது. தெரியாது எண்டு எழுது."

"ஃபோமில அதுக்கு இடம் இல்ல அம்மா. எழுதினா உங்கட அலுவல் நிண்டு போகும். திருப்பி அனுப்பவும் கூடும்."

"அனுப்பினா போறன். அங்க அவர் இருந்தா பாத்துக்கொள்றன்" என்றார். பிறகு, "நீ படிச்ச புள்ள. இடம் இல்லாட்டி ஓரத்தில எழுது."

எழுதினேன். பேனையால், இரண்டு பெட்டிகளையும் தொடாமல், பக்கத்தின் ஓரத்தில்: என் கணவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்வியையும் பதில் எழுதாமல் விட்டவள் அல்ல நான். தெரியாது என்ற சொல்லை ஒரு தாளில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத அதிக நேரம் எடுத்தது. அதன் கீழே அம்மா பெருவிரலை வைத்தார்.

அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. லோயரின் அலுவலகத்தில் அந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஓரத்தில் இருந்ததை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உது சரிவராது தங்கச்சி. நான் எவ்வளவு சொன்னனான். வருஷக் கணக்கா இழுக்கப் போகுது."

அம்மா அவரைப் பார்த்தார். "தம்பி, நீங்களெண்டா என்ன எழுதியிருப்பீங்க?"

அவர் கைநாட்டு காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். முத்திரையைக் குத்தி, படிவத்தைத் தட்டத்தில் மற்றவற்றோடு வைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் முதற் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. கணவரின் நிலை தெளிவாகும் வரை கோப்பு திறந்திருக்கும், அதுவரை விண்ணப்பதாரர் இங்கேயே இருக்கலாம், அவ்வப்போது அனுப்பப்படும் தாளை நிரப்பி அனுப்ப வேண்டும் என்றிருந்தது. கூடவே ஒரு தாள். கணவரின் நிலையில் மாற்றம் உண்டா? இருக்குமிடம்? வயது?

நான் வாசித்து முடித்ததும் அம்மா நாற்காலியை இழுத்து என் அருகில் இருந்தார். குளித்து, புதுப் பொட்டு வைத்திருந்தார். ஊரில்கூட அப்பாவைப் பற்றி இப்போது ஒருவரும் கேட்பதில்லை, இவர்களாவது கேட்கிறார்கள் என்றார். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் திரும்ப வாசிக்கச் சொன்னார். மாற்றம் இல்லை என்றார். இருக்குமிடத்துக்குத் தெரியாது என்றார். வயதுக்கு மட்டும் விரல்களை மடித்து, ஆறுதலாக எண்ணினார்.

"அவர் பிறந்த கார்த்திகை வந்திட்டுத்தானே. இப்ப அவருக்கு அம்பத்தொண்டு."

எழுதினேன். அதன்பின் வந்த ஒவ்வொரு தாளிலும் அப்பாவின் வயதை அம்மா எண்ணிச் சொல்ல, நான் எழுதி அனுப்புகிறேன். கடைசியாக அனுப்பியதில் ஐம்பத்துமூன்று.